‘பாவம், அவளுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?’

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் படிப்பகத்துக்கு ஓர் அக்கா வந்தார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறவர். கையில் நான்காக மடித்த ஒரு படிவம். மகள் ஆறாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் எல்.கே.ஜி.யிலேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தவள். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ‘பவுண்டேஷன் பேட்ச்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே நடத்திவிடுவார்கள். எட்டாவது போனால் பத்தாம் வகுப்புக் கணக்கு. பத்தாவது வரும்போது பதினொன்றாம் வகுப்புப் பாடம் தொடங்கியிருக்கும். இதற்காக வைத்த தேர்வில் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இரண்டாவது.

ஆனால் பேட்ச்சுக்குப் பரிந்துரைத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அக்கா போய்க் கேட்டிருக்கிறார். கணக்கு மிஸ் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்: “பாவம், அவளுக்கு எதுக்கும்மா இவ்வளவு கணக்கு? வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. பிரஷர் ஆயிடும். ரெகுலர் செக்‌ஷன்லயே நல்லா படிக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம். புதன்கிழமை கடைசி நாள்.”

கட்டணம், அக்காவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

“நீங்கள்லாம் காலேஜ் படிச்ச புள்ளைங்க. சேக்கட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

எங்களால் அந்த ஒரு வார்த்தையை உடனே சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்கள் ஊரிலும் ஓர் அக்கா படிவத்தோடு வருவார். அப்போது நாங்கள் தடுமாறியதைப் போல நீங்கள் தடுமாறக் கூடாது.

*எங்களுக்குள் நடந்த சண்டை*

அன்று இரவு படிப்பகத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஐந்து பேர் ‘வேண்டாம்’ என்றோம்.

காரணங்கள் தயாராக இருந்தன. கோச்சிங் வியாபாரத்தை எதிர்த்து நாமே துண்டறிக்கை போட்டிருக்கிறோம். நீட் எதிர்ப்புக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ‘தகுதி, திறமை’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சாதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். பதினோரு வயதுக் குழந்தையைப் பந்தயக் குதிரை ஆக்குவதா? பார்ப்பனியக் கல்விமுறையின் வாசலில் போய் நம் பிள்ளையை நிறுத்துவதா? பேசப் பேச எங்களுக்கே எங்கள் பேச்சு பிடித்துப்போனது.

அப்போது, மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்த தோழர் ஒருவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: “அந்த மிஸ் என்ன சொன்னாங்க? ‘வேணாம், புள்ளைக்குப் பாரம்.’ நாம என்ன சொல்றோம்? அதையேதான் சொல்றோம். அவங்க பாவம் பாத்து சொன்னாங்க, நாம கொள்கை பேசிச் சொல்றோம். புள்ள வெளிய நிக்கிறது மட்டும் மாறல.”

யாரும் பதில் பேசவில்லை. நாங்கள் எழுத வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

*டிபன் பாக்ஸ்*

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்த ஒன்றை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கூப்பிடுகிறார். உடனே வகுப்பில் கூச்சல். சாதி இந்து மாணவர்கள் பலகைக்குப் பின்னால்தான் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். இவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை எடுத்து அப்பால் தள்ளினார்கள். அதே அண்ணல் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். விடவில்லை. பாரசீகம்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு காலத்திலும் அதிகாரத்துக்குப் போகும் பாடம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பாடத்தின் வாசலில்தான் நம்மை நிறுத்துகிறார்கள். அன்றைக்குச் சமஸ்கிருதம், இன்றைக்குக் கணக்கு. பொறியியல், கணினி, பொருளாதாரம், புள்ளியியல் என்று எந்தப் பக்கம் போனாலும் நுழைவாயிலில் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் அது ஒழிந்தது. திட்டம்தான் ஒழிந்தது. ‘இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்’ என்ற கணிப்பு ஒழியவில்லை. ஆசிரியர் அறையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது அது கூச்சல் போடுவதில்லை. “பாவம்” என்று சொல்கிறது.

கூச்சலை எதிர்த்துப் போராட நமக்குத் தெரியும். இந்தப் ‘பாவ’த்தை எதிர்க்கத்தான் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. வன்மத்தோடு தடுத்தவரும் பரிவோடு தடுத்தவரும் அந்தப் பிள்ளையை உட்கார வைத்தது ஒரே பெஞ்சில்தான்.

*மற்றவர் பிள்ளையை வைத்துப் புறக்கணிப்பு நடத்தாதீர்கள்*

நம் ஆட்களிடமும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 2014இல் ஒரு முடிவெடுத்தார்கள். எட்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் மட்டும் முன்கூட்டியே இயற்கணிதம் படிக்கிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் அதில் குறைவு. இது ஏற்றத்தாழ்வு. ஆகவே எட்டாம் வகுப்பில் யாருக்குமே அது வேண்டாம், எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலேயே படிக்கட்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? காசுள்ள பெற்றோர் வெளியே பணம் கட்டி அதே பாடத்தைப் படிக்க வைத்தார்கள். காசில்லாதவர்களின் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மேல்வகுப்பு உயர்கணக்கில் சேர்வதில் இருந்த இன இடைவெளி மூடவில்லை என்று பிறகு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். 2024இல் அந்தப் பாடத்தை எட்டாம் வகுப்புக்கே திரும்பக் கொண்டுவர முடிவானது.

இதை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். அந்த அக்காவின் மகள் பேட்ச்சில் சேராவிட்டால் பேட்ச் நின்றுவிடுமா? டாக்டர் வீட்டுப் பிள்ளை, ரியல் எஸ்டேட்காரர் வீட்டுப் பிள்ளை, வங்கி மேலாளர் வீட்டுப் பிள்ளை எல்லோரும் உள்ளே இருப்பார்கள். அவளுடைய நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். இல்லை, அதுவும் காலியாக இருக்காது. அடுத்த நாளே வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

இதனால் ஒரு முறையும் உடையவில்லை. ஒரு சிறுமியின் வாய்ப்புதான் போனது. புறக்கணிப்பு என்றால் புறக்கணிப்பவர் எதையாவது இழக்க வேண்டும். இங்கே இழப்பது யார்? முடிவெடுத்த நாங்கள் எட்டுப் பேரும் பட்டதாரிகள். எங்களில் இரண்டு பேர் பொறியியல் படித்ததே ஒரு கணக்கு வாத்தியார் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததால்தான். ஏறி வந்த ஏணியை ‘ஏணி என்பதே ஆதிக்கத்தின் கருவி’ என்று சொல்லி எடுத்துவிடுவதற்குப் பெயர் அரசியல் இல்லை.

*அதற்காக இது கோச்சிங் விளம்பரமும் அல்ல*

அந்த பேட்ச்சின் யோக்கியதை எங்களுக்குத் தெரியும். 16 வயது நிறையாத மாணவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மையம் வெளியே இருந்தால்தானே சிக்கல்? பள்ளிக்குள்ளேயே வைத்து, ‘பவுண்டேஷன்’ என்று பெயர் சூட்டினால் பதினோரு வயதிலேயே தொடங்கிவிடலாம். மாட்யூல் புத்தகம் எங்கிருந்தோ வருகிறது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதில் இடம் குறைவு. எத்தனை நொடியில் விடை என்பதுதான் பேச்சு. விளையாட்டுப் பீரியட் போய்விடும், நூலகப் பீரியட் போய்விடும்.

இந்தப் பாதை முடியும் இடமும் சொர்க்கம் இல்லை. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்ததே 1973இல்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ‘தகுதி’ என்ற சொல் எப்படிச் சாதியின் இன்னொரு பெயராக வேலை செய்கிறது என்று அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு முழு நூலே எழுதினார். 2023 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. பம்பாயில் தர்ஷன் சோலங்கி இறந்தார். முதலாண்டு மாணவர், 18 வயது. சாதிப் பாகுபாடுதான் காரணம் என்றது குடும்பம். இல்லை என்றது நிறுவனத்தின் குழு. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, ‘சேர்ந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்’ என்று அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேட்ச் வேறு, கணக்கு வேறு. பேட்ச் அவர்களுடையது. கணக்கு யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

*பாப் மோசஸ் என்ன செய்தார்*

இந்தக் கேள்வியில் நமக்கு முன்னால் நின்ற ஒரு போராளி இருக்கிறார். பாப் மோசஸ். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1961இல் மிசிசிப்பி மாநிலத்தின் மெக்கோம்ப் ஊருக்குப் போய் வேலை செய்தவர். அடிவாங்கினார், சிறை போனார். அங்கே வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதிக் காட்ட வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று சொல்வது யார்? பதிவு அலுவலர். அவருக்குத் திருப்தி என்றால் சரி. வெள்ளைக்கார அலுவலருக்குக் கறுப்பர் எழுதியது என்றைக்குத் திருப்தியாக இருந்தது?

பிறகு அவர் தான்சானியாவில் கணக்கு ஆசிரியராக இருந்தார். நாடு திரும்பி மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார். 1982இல் மகள் எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ‘பள்ளியில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு, இரண்டு என்னால் முடியாது’ என்று மகள் மறுத்துவிட்டாள். அப்போது அவளுடைய ஆசிரியை அவரை வகுப்புக்கே வரச் சொன்னார். அவர் போனார். மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அங்கிருந்து வளர்ந்ததுதான் ‘அல்ஜீப்ரா பிராஜெக்ட்’. அந்த ஆண்டு தனக்குக் கிடைத்த மெக்கார்தர் நல்கையின் பணத்தை அதற்குச் செலவழித்தார். 2021இல் சாகும்வரை அதுதான் அவர் வேலை. அறுபதுகளில் வாக்குச்சீட்டு எப்படியோ, கணினிக் காலத்தில் கணக்கு அப்படி, அது குடியுரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் கூட்டிப்போய், ஒரு நிலையத்தைச் சுழியமாக வைத்து, ஒரு திசைக்குக் கூட்டல், எதிர்த் திசைக்குக் கழித்தல் என்று குறியெண் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு. மகளை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு கொள்கை பேசவில்லை, உடனே படிக்க வைத்தார். மகள் மட்டும் உள்ளே போனால் போதும் என்றும் இருந்துவிடவில்லை.

*எப்படி முடிவெடுத்தோம்*

‘பிள்ளை தாங்குவாளா?’ என்று மட்டும் கேட்டால் பதில் கேட்பவரின் மனசில் ஏற்கெனவே இருக்கும். எங்கள் கேள்விகள் வேறு.

முதலில், பிள்ளைக்கு வேண்டுமா? அதுவரை யாருமே அவளைக் கேட்டிருக்கவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டோம். “அங்க மைனஸ் நம்பர் ஆரம்பிச்சுட்டாங்களாம். எனக்கும் தெரியணும்” என்றாள்.

இரண்டாவது, அடித்தளம் இருக்கிறதா? பின்னமும் வகுத்தலும் ஆட்டம் கண்டால் மேலே கட்டக் கூடாது. அது சாதியில்லை, கணக்கின் நியாயம். ஒரு கை புளியங்கொட்டையைக் கொடுத்து 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே வரச் சொன்னோம். 1, 4, 9, 16 என்றாள். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் கொட்டைகளை நகர்த்திக்கொண்டே இருந்தவள், ஒன்றைச் சுற்றி மூன்று, அதைச் சுற்றி ஐந்து என்று ஓரமாக அடுக்கி, “சதுரமாத்தான் வளருது” என்றாள். அவளைத்தான் பட்டியலில் விட்டிருந்தார்கள்.

மூன்றாவது, வெளியே வர வழி இருக்கிறதா? பிடிக்காவிட்டால் ‘தோற்றவள்’ என்ற பெயர் இல்லாமல் பழைய பிரிவுக்குத் திரும்ப முடிய வேண்டும். அதைத் தலைமையாசிரியரிடம் எழுதியே வாங்கினோம்.

நான்காவது, பணம். குழுக்கடன் வாங்கிக் கட்டக் கூடாது என்று அக்காவிடம் உறுதியாகச் சொன்னோம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டோம். மறுத்தார்கள். மூன்று தவணை கொடுத்தார்கள். படிப்பகத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள் பாதியை ஏற்றுக்கொண்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னோம்: கல்வி உரிமைச் சட்டத்தின் இடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். தனியார் பள்ளியில் படிப்பதால், எட்டாம் வகுப்பில் தேசிய அளவில் நடக்கும் படிப்புதவித் தேர்வையும் எழுத முடியாது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் அந்த உதவி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். இப்போதே யோசித்துவைக்க வேண்டும்.

ஐந்தாவது, யாருமே பேசாத விஷயம்: பேட்ச் முடிவது ஐந்தரைக்கு. பள்ளி வேன் கிளம்புவது நாலேகாலுக்கு. பல பெண் பிள்ளைகளின் கணக்கு இந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் முடிந்துபோகிறது. அம்மாவின் ஷிப்ட் முடிய ஆறு ஆகும். எங்களில் ஒருவர் தினமும் டவுன் பஸ்ஸில் கூட்டிவருவது என்று முறை போட்டுக்கொண்டோம்.

புதன்கிழமை படிவம் கொடுத்தாயிற்று.

*11 மதிப்பெண்*

முதல் டெஸ்ட்டில் அவள் 25க்கு 11 எடுத்தாள். அக்கா பதறிவிட்டார். மிஸ் கூப்பிட்டு, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாராம். அதே டெஸ்ட்டில் அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு 9. அவன் அப்பா டாக்டர். அவனிடம் அதே மிஸ் சொன்னது: “பரவால்ல கண்ணா, அடுத்த டெஸ்ட்ல பிக்கப் பண்ணிடுவ.”

தோழர்களே, சாதி இங்கே இருக்கிறது. 11இல் முடிவு தெரிகிறது, 9இல் எதிர்காலம் தெரிகிறது. அந்த மிஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கதவுக்கு முன்னால் ஒரு மனிதரை உட்கார வைத்து, ‘உனக்குத் திருப்தியானால் உள்ளே விடு’ என்று சொல்லிவிட்டால் போதும், மிசிசிப்பியின் வேலை வேலூரிலும் நடக்கும்.

ஆகவே நம் கோரிக்கை கதவை உடைப்பதோடு நிற்கக் கூடாது. கதவுக்கு முன்னால் இருக்கும் நாற்காலியை எடுக்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மேலே வரும் 40 விழுக்காட்டுப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் உயர்கணக்கில் தானாகவே சேர்த்துவிட வேண்டும். யார் சிபாரிசும் வேண்டாம். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். பெற்றோர் போய்க் கேட்டால்தான் இடம் என்பது தலைகீழாகிவிட்டது. டெக்சாஸ் ஒன்றும் புரட்சி பூமி இல்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாங்கள் கேட்பவை இவை. எந்தப் பள்ளியும் சிறப்புக் கணக்கு வகுப்பு நடத்தினால் தேர்வு எல்லோருக்கும் வேண்டும். மதிப்பெண் வந்தால் தானாகச் சேர்க்கை வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்ந்த பிள்ளையிடம் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கணக்கு அரசுப் பள்ளியில், ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், மாலை நேரத்தில், காசில்லாமல், பஸ் வசதியோடு நடக்க வேண்டும். அப்படி நடந்தால் அந்த அக்கா ஒன்றரை மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டு எங்களிடம் வந்திருக்கவே மாட்டார்.

அதுவரை உங்கள் ஊரில் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளில் இப்படி எந்தெந்த பேட்ச் நடக்கிறது, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், யாரைச் சேர்த்தார்கள், மதிப்பெண் இருந்தும் யாரை விட்டார்கள் என்று எழுதி வையுங்கள். விடுபட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய் முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். கணக்குத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுங்கள். எங்கள் படிப்பகத்தில் இப்போது மைனஸ் எண் நடக்கிறது. காலனி பஸ் நிறுத்தம் சுழியம். டவுன் பக்கம் போனால் கூட்டல், ஏரிக்கரைப் பக்கம் போனால் கழித்தல். பதினாலு பிள்ளைகள் வருகிறார்கள். பேட்ச்சில் இருப்பவள் அவர்களில் ஒருத்திதான். மற்ற பதின்மூன்று பேரையும் எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.